சாரலில் பூத்த காகிதப்பூ

தென்காசி
8 ஜூன் 2025, ஞாயிறு

அன்புள்ள ஜெஸிக்கு,

ஹாஸ்டலுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. இங்கே பிள்ளைகள் கையில் போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் ரூம் போனில் வீட்டுக்கு மட்டும் பேசலாம். அதுவும் உம்மாவிடம் நாலு வார்த்தை பேசுவதற்குள் பின்னால் வரிசையில் நிற்கிற பிள்ளை முதுகில் இடிக்கும். தோழிக்கு என்றால் கடிதம்தான். வார்டன் சங்கரேஸ்வரி மேடம் எல்லாக் கடிதத்தையும் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்களாம். (மேடம், இதையும் படிக்கிறீர்கள் என்றால், இன்றைக்குச் சாம்பார் நன்றாக இருந்தது.)

மொட்டைமாடியில் நின்றால் குற்றாலத்து மலை தெரிகிறது. பஸ் ஏறினால் கால் மணி நேரத்தில் உன் முன்னால் நிற்பேன். ஆனால் காலாண்டு லீவு வரை கேட்டைத் தாண்ட முடியாது. வாப்பா துபாய்க்குப் போனதும், உம்மா வீட்டைக் காலி செய்து புளியங்குடி மாமா வீட்டுக்குப் போனதும், உங்கள் லாட்ஜுக்கு அடுத்த எங்கள் பழைய வீட்டில் இப்போது யாரோ இருப்பதும் எனக்கு இன்னும் கனவு மாதிரி இருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயம். நம் காகிதப்பூச் செடிகள். போன வருடம் ஒரே கொடியில், ஒரே கிளையில் இரண்டு குச்சி வெட்டி நட்டோமே. ஒன்றை நான் இங்கே கொண்டுவந்திருக்கிறேன், மற்றது உங்கள் லாட்ஜ் மாடியில் இருக்கிறது. எங்கள் அறிவியல் டீச்சர் உமாராணி அவர்களிடம் இதைச் சொன்னேன். அவர்கள் அப்படியே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். செப்டம்பரில் மாவட்ட மாணவர் அறிவியல் மாநாடு நடக்கிறது. அதற்கு இதையே எழுதச் சொல்கிறார்கள்.

விஷயம் இதுதான். காகிதப்பூக் கொடி தாகத்தில்தான் பூக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. தண்ணீர் நிறையக் கிடைத்தால் இலையாகவும் முள்ளாகவும் வளர்ந்துகொண்டே போகும், பூக்காது. அப்படியானால் மூன்று மாதம் சாரலில் நனைகிற குற்றாலத்தில் அது என்ன செய்யும்? புத்தகம் எழுதியவர் குற்றாலத்துக்கு வந்திருக்க மாட்டார். நாம்தான் பார்க்க வேண்டும். என்னுடைய செடியைத் தூறல் வந்தால் தகரக் கூரைக்கு அடியில் இழுத்துவிடுவேன், வாடிய பிறகுதான் தண்ணீர் ஊற்றுவேன். உன்னுடையது சாரலில் நனைய வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான். செடி மாடியிலேயே, கைப்பிடிச் சுவர் ஓரத்திலேயே இருக்கட்டும். தொட்டியின் அடி ஓட்டை அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். உரம் எதுவும் போடாதே. நீளமாய் ஓடுகிற கிளையின் நுனியை மட்டும் கிள்ளிவிடு, கிள்ளும்போது முள்ளைப் பார். அப்புறம் கண்ணில் பட்டதை எனக்கு எழுது. பூத்தால் பூத்தது என்று எழுது, பூக்காவிட்டால் பூக்கவில்லை என்று எழுது.

உன்னைத் தவிர வேறு யாரிடம் இதைக் கேட்பேன்?

உன்
ஃபாயிஸா


குற்றாலம்
15 ஜூன்

ஏட்டி ஃபாயிஸா,

உன் லெட்டரைப் பார்த்து அப்பா பயந்துட்டாங்க. ஏதோ கோர்ட்டு நோட்டீஸுன்னு நினைச்சாங்களாம். "இந்தக் காலத்துல யாரு லெட்டர் போடுதா?"ன்னு ரெண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. சங்கரேஸ்வரி மேடத்துக்கு என் வணக்கம். மேடம் ரொம்ப நல்லவங்கன்னு கேள்விப்பட்டேன்.

சீசன் தொடங்கியாச்சு. மெயினருவில தண்ணி விழுது, ஐந்தருவி ரோட்டுல கார் நிக்க இடம் இல்ல. நம்ம லாட்ஜுல எல்லா ரூமும் ஆளு. நான் ஸ்கூல் விட்டு வந்ததும் துண்டு மடிக்கணும், சாவி கொடுக்கணும், "வெந்நீர் எப்ப வரும்"னு கேக்குதவங்களுக்குப் பதில் சொல்லணும். நேத்து ஒரு குரங்கு ஒரு மாமாவோட பல்செட்டைத் தூக்கிட்டுப் போயிட்டு. அவரு வாயைப் பொத்திக்கிட்டே அப்பாவைத் திட்டுதாரு, ஒரு வார்த்தை வெளங்கல. அப்பா, "அண்ணாச்சி, என்ன சொல்லுதீங்க?"ன்னு கேக்கக் கேக்க அவருக்கு இன்னும் கோவம்.

உன் செடி நல்லா இருக்கு. மாடில குரங்கு எல்லாத்தையும் பிச்சுப் போடுது, இதை மட்டும் தொடல. முள்ளு குத்தியிருக்கும். ஒரு சந்தேகம். இவ்வளவு அழகான செடியை மாடில யாரு பாக்கப் போறா? வாசல்ல ரிசப்ஷன் பக்கம் வச்சா வர்றவங்க பாப்பாங்கல்லா? அங்கனயும் சாரல் அடிக்கத்தான் செய்யுது.

நீ இல்லாம சாயங்காலம் ரொம்ப நீளமா இருக்குட்டி.

ஜெஸி


தென்காசி
22 ஜூன்

அன்புள்ள ஜெஸிக்கு,

பல்செட் கதையை இரவுச் சாப்பாட்டில் படித்துக் காட்டினேன். ஜெயபிரியா என்று என் பக்கத்துக் கட்டில் பிள்ளை, அவளுக்கு ரசம் மூக்கில் ஏறிவிட்டது. இப்போது உன் கடிதம் எப்போது வரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

செடியை வாசலுக்குக் கொண்டுபோகவே கூடாது. வாசலில் உங்கள் ஓட்டுக்கூரை நீட்டிக்கொண்டிருக்கிறது, பாதி நாள் வெயில் விழாது. வெயில் குறைந்தால் அதனாலேயே பூ வராமல் போகும். அப்புறம் மழையால் வரவில்லையா, நிழலால் வரவில்லையா என்று எப்படிச் சொல்வது? அது மட்டும் இல்லை, வாசலில் சின்னப் பிள்ளைகள் ஓடும். முள் குத்தும். மாடியிலேயே இருக்கட்டும், தயவுசெய்து.

இங்கே என் செடி நான்கு நாளாகத் தண்ணீர் இல்லாமல் இலையெல்லாம் தொங்கிப்போய்க் கிடந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது. ஆயா பிச்சம்மாள் துணி காயப்போட வந்தவர்கள், "ஏன் பிள்ளே, ஒரு சொம்பு தண்ணி ஊத்தினா குறைஞ்சா போயிருவ?" என்று கேட்டார்கள். எப்படி விளக்குவது? நேற்றுத்தான் ஒரு குவளை ஊற்றினேன். இன்று காலையில் ஒரு கிளை நுனியில், இலைக் காம்பின் அடியில், மூன்று சின்ன முனை சிவந்திருக்கிறது! நாம் பூ என்று சொல்வது உண்மையில் நிறம் மாறிய இலைதான். மூன்று இலை சேர்ந்து கூம்பு மாதிரி நிற்கும், அதற்குள் வெள்ளையாய்க் குச்சி மாதிரி இருப்பதுதான் பூ.

என் கணிப்பு: உன் செடி பூக்காது. தளதளவென்று இலை விடும். இது நல்ல செய்திதான், வருத்தப்படாதே.

ஃபாயிஸா


குற்றாலம்
6 ஜூலை

அன்புள்ள ஃபாயிஸா,

பதில் போட லேட்டாயிட்டு. மன்னிச்சுக்கோ. சீசன் நெருக்கடி.

உனக்கு ஒரு சந்தோஷமான செய்தி. நம்ம செடி மொட்டு விட்டுட்டு. நீ சொன்ன மாதிரியே மூணு மூணா, சிவப்பா. நீ வராதுன்னு எழுதியிருந்த, எனக்கு மனசே கேக்கல. நீ இல்லாத ஊர்ல உன் செடியும் பூக்கலன்னா எப்படி? அது பூத்துட்டு.

இன்னைக்குக் காலைல சாரல் பஞ்சு மாதிரி பறந்து வந்துச்சு. மலை முழுக்க மேகம். அந்த வெள்ளைக்கு நடுவுல நம்ம செடி மட்டும் குங்குமம் கொட்டின மாதிரி நின்னுது. இதழ் மேல தண்ணி முத்து முத்தா. கிட்டப் போனா லேசா ஒரு வாசனை. ஒரு சின்னப் பிள்ளை அதைப் பார்த்து, "அம்மா, இந்தச் செடி குளிக்குது"ன்னு சொல்லுச்சு.

நீ கவலைப்படாம படி. நான் நல்லாப் பாத்துக்கிடுதேன்.

ஜெஸி


தென்காசி
13 ஜூலை

அன்புள்ள ஜெஸிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு உமாராணி டீச்சரிடம் கொண்டுபோனேன். அவர்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்கள். "உன் ஃபிரண்டு நிச்சயமாப் பார்த்தாளா?" என்று கேட்டார்கள். "டீச்சர், ஜெஸி ரெண்டாங்கிளாஸில இருந்து என் ஃபிரண்டு," என்றேன். "நான் அதைக் கேக்கல," என்றார்கள். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

காகிதப்பூவுக்கு வாசனை கிடையாது என்று டீச்சர் சொன்னார்கள். நானும் என் செடியை முகர்ந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் மாடிக்குப் பக்கத்துத் தோட்டத்தில் மனோரஞ்சிதம் இருக்கிறதே, அந்த வாசனை சாரல் காற்றில் வந்திருக்கும். அப்படித்தான் டீச்சரிடம் சொன்னேன்.

ஆக நான் நினைத்தது தப்பு. புத்தகத்தில் இருப்பது குற்றாலத்துக்குப் பொருந்தாது! உனக்குத் தெரிகிறதா இது எவ்வளவு பெரிய விஷயம் என்று? நான் சொல்வது சரி என்று காட்டியிருந்தால், புத்தகத்தில் ஏற்கெனவே இருப்பதை மறுபடி சொன்னதாக ஆகியிருக்கும். இது புதிது. சாரல் துளி மிகச் சின்னது, காற்றும் அடிக்கிறது, வேருக்குத் தண்ணீர் சேராமல் இலை மட்டும் நனைகிறதோ என்று ஒரு யோசனை. அதைச் சோதிக்க இன்றிலிருந்து என் செடிக்கும் காலை மாலை தண்ணீர் தெளிக்கப்போகிறேன். பிச்சம்மாள் ஆயாவுக்கு ரொம்ப சந்தோஷம்.

எந்தக் கிளையில் எவ்வளவு என்று எழுது. நிறம் மாறுகிறதா, உதிர்கிறதா, எல்லாம் எழுது.

ஃபாயிஸா


குற்றாலம்
3 ஆகஸ்ட்

அன்புள்ள ஃபாயிஸா,

செடி நல்லா இருக்கு. எல்லாக் கிளையிலயும் பூ. கிழக்குப் பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி. உதிருது, மறுபடியும் வருது. நிறம் அப்படியேதான் இருக்கு.

வேற என்ன எழுத? எங்க ஸ்கூல்ல ஆண்டு விழாவுக்கு டான்ஸ் ஆடச் சொல்லுதாங்க. அம்மா வேண்டாங்குதாங்க. சாரல் திருவிழாவுக்கு எக்கச்சக்கக் கூட்டம். நீ இருந்தா ரெண்டு பேரும் படகு விட்டிருக்கலாம்.

எப்பவும் செடி, செடின்னே கேக்குத. என்னைப் பத்தியும் ஒரு வரி கேளேன்.

ஜெஸி


தென்காசி
14 செப்டம்பர்

அன்புள்ள ஜெஸிக்கு,

நீ சொன்னது சரி. உன்னைப் பற்றிக் கேட்காமல் விட்டுவிட்டேன். டான்ஸ் ஆடினாயா? எந்தப் பாட்டு? அம்மா ஒத்துக்கொண்டார்களா? எல்லாவற்றையும் எழுது.

நேற்று மாநாடு நடந்தது. முதலில் ஒரு கெட்ட செய்தி. என் செடியில் வந்த பூவெல்லாம் ஆகஸ்ட் மாதமே உதிர்ந்துவிட்டது. தண்ணீர் தெளிக்கத் தெளிக்க இலை இலையாய் விட்டது, கிளைகள் விரல் தடிமனாகி நீண்டு ஒவ்வொரு கணுவிலும் முள் வந்தது, ஒரு மொட்டுக்கூட இல்லை. அதனால் நான் ரொம்பக் குழம்பினேன். என் கண்ணால் பார்ப்பது ஒன்று, நீ எழுதுவது ஒன்று. என் செடியை நம்புவதா, உன்னை நம்புவதா? குழாய்த் தண்ணீருக்கும் சாரலுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று கட்டுரையில் எழுதினேன். உன்னைத்தான் நம்பினேன்.

மேடையில் நான் கட்டுரையை வாசித்தேன். தோட்டக்கலை படித்த ஒரு ஐயா நடுவராக வந்திருந்தார். "ஜூலை மாசத்துக் குற்றாலத்துல காகிதப்பூ இப்படிப் பூத்து நான் பார்த்ததே இல்லையேம்மா. நீ பார்த்தியா?" என்று கேட்டார். நான், "நான் பார்க்கவில்லை ஐயா, என் தோழி தினமும் பார்க்கிறாள்," என்றேன். "தோழி தப்பாப் பார்த்திருந்தா?" என்றார். "அவள் பார்க்காததை எழுத மாட்டாள்," என்று மைக்கில் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

மாநில மாநாட்டுக்குத் தேர்வாகிவிட்டேன், ஜெஸி! நம் பெயர் இரண்டும் சான்றிதழில் வரும். உன் பெயரையும் போடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் செடியின் புகைப்படம் வேண்டும் என்று அந்த ஐயா சொல்லிவிட்டார். வருகிற சனிக்கிழமை உமாராணி டீச்சர் என்னைக் கூட்டிக்கொண்டு உங்கள் லாட்ஜுக்கு வருகிறார்கள். வார்டன் மேடம் அனுமதித்துவிட்டார்கள், நம் கடிதங்களை இப்போது பிரித்துப் படிப்பதும் இல்லை. உன்னைப் பார்க்கப்போகிறேன்! செடியையும்!

ஃபாயிஸா


குற்றாலம்
17 செப்டம்பர்

ஃபாயிஸா,

சனிக்கிழமை லாட்ஜுல பெயிண்ட் அடிக்காங்க. வேற நாள் வரலாமான்னு டீச்சர்ட்ட கேளு. நான் வேணா போட்டோ எடுத்து அப்பா போன்ல இருந்து டீச்சருக்கு அனுப்பட்டா?

முடியாதுன்னா வாங்க.

ஜெஸி


தென்காசி
21 செப்டம்பர்

ஜெஸி,

நேற்று உங்கள் லாட்ஜில் பெயிண்ட் வாசனையே வரவில்லை. சுவரெல்லாம் பழைய பாசியோடு அப்படியே இருந்தது. அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

நீ என்னைக் கட்டிப்பிடித்தபோது நான் உன் தோளுக்கு மேல் மாடிப்படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னித்துக்கொள் என்று அப்போது மனதுக்குள் சொன்னேன். உன்னைவிடச் செடியைப் பார்க்க அவசரப்படுகிறேனே என்று வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்தை இப்போது திருப்பிக் கேட்க முடியுமானால் கேட்பேன்.

மாடியில் செடி இருந்தது. நிறையப் பூ. டீச்சர், "அடடா!" என்றார்கள். உடனே போனை எடுத்துப் படம் எடுத்தார்கள். உன்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். நீ நின்றாய். சிரித்தாய்.

நான் குனிந்து பார்த்தேன். நம் செடி குச்சியிலிருந்து வந்தது, மண்ணிலிருந்து ஒரே தண்டாக எழும். இந்தச் செடியின் தண்டில் ஒரு சாண் உயரத்தில் முட்டி மாதிரி ஒட்டுப்போட்ட இடம் இருக்கிறது, பிளாஸ்டிக் நாடாவின் துண்டுகூட இன்னும் ஒட்டியிருக்கிறது. நாம் போட்டது ஆற்று மணலும் இலை மக்கும். இதில் இருப்பது தேங்காய் நார்த் தூளும் செம்மண்ணும். சாரலில் மூன்று மாதம் நின்ற தொட்டியில் பச்சைப் பாசி படிந்திருக்க வேண்டும், இந்தத் தொட்டி கடையிலிருந்து வந்த மாதிரி இருக்கிறது. கடையிலிருந்துதானே வந்தது?

நான் நிமிர்ந்தபோது நீ என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குத் தெரிந்துவிட்டது என்று உனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "டீச்சர், ஜூஸ் குடிக்கீங்களா?" என்று கேட்டாய்.

டீச்சர் முன்னால் நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று இரவெல்லாம் யோசித்தேன். உன்னைக் காப்பாற்றவா, என்னைக் காப்பாற்றிக்கொள்ளவா? தெரியவில்லை. பஸ்ஸில் டீச்சர், "உன் ஃபிரண்டு ரொம்பப் பொறுப்பான பிள்ளை," என்றார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நம் செடி எங்கே? எப்போதிலிருந்து இல்லை? நீ எழுதியதில் எந்தக் கடிதம் வரை நிஜம்?

இதற்கு மட்டும் பதில் எழுது.

ஃபாயிஸா


குற்றாலம்
25 செப்டம்பர்

ஃபாயிஸா,

முதல் லெட்டர் வரைக்கும் நிஜம். அதுக்கப்புறம் செடி இல்ல.

நீ வேண்டாம்னு எழுதின லெட்டர் வர்றதுக்கு முந்தியே நான் செடியை வாசலுக்குக் கொண்டாந்துட்டேன். ரெண்டாம் நாள் மதுரைல இருந்து வந்தவங்க பிள்ளை, மூணு வயசு இருக்கும், ஓடி வந்து அது மேலயே விழுந்துட்டு. கன்னத்துல கிழிச்சு ரத்தம். கண்ணுக்கு ஒரு விரல் தள்ளி. அந்த அம்மா போட்ட சத்தத்துல ரோட்டுல போனவங்கல்லாம் நின்னுட்டாங்க. "முள்ளுச்செடிய வாசல்ல வச்சு லாட்ஜு நடத்துதீங்களா, போலீஸுக்குப் போவேன்"னு சொல்லுதாங்க. அப்பா கைய எடுத்துக் கும்பிட்டுக்கிட்டே நின்னாங்க. அவங்க போனதும் தொட்டியோட தூக்கிப் பின்னால ஓடையில எறிஞ்சுட்டாங்க. "எந்தப் பிள்ளை கொடுத்த செடியா இருந்தா எனக்கென்ன"ன்னாங்க. அன்னைக்கு ஓடைல வெள்ளம் செம்மண்ணைக் கரைச்சுக்கிட்டு ஓடுது. நான் மேல நின்னு பாத்தேன். இறங்கி எடுத்திருக்கலாம். பயந்துட்டேன். மறுநாள் போய்ப் பாத்தா தொட்டி மட்டும் உடைஞ்சு கிடந்துச்சு.

அன்னைக்கே எழுத உக்காந்தேன். சத்தியமா உக்காந்தேன். உன் லெட்டர் வந்துச்சு. பிள்ளைங்க ஓடும், முள்ளு குத்தும்னு நீ அப்படியே எழுதியிருந்த. அதைப் படிச்சதும் கையே ஓடல. ரெண்டு வாரம் சும்மா இருந்தேன். அப்புறம் ஒரு பொய்தானேன்னு பூத்துருக்குன்னு எழுதினேன். பூத்தா நீ சந்தோஷப்படுவன்னு நினைச்சேன். பூக்கலங்கறதுதான் உனக்கு வேணும்னு நான் புரிஞ்சுக்கவே இல்லட்டி. செடி வளத்தா பூக்கணும்னுதானே எல்லாரும் ஆசப்படுவாங்க?

நீ பதிலுக்கு அப்படி ஒரு லெட்டர் எழுதுன. எவ்வளவு பெரிய விஷயம்னு எழுதுன. அதுக்கப்புறம் இல்லன்னு எப்படிச் சொல்லுவேன்? உன் செடில பூவெல்லாம் உதிர்ந்துட்டுன்னு படிச்சப்ப, என்னாலதானேன்னு அழுதேன். புதுச்செடி நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும் பழைய குற்றாலம் ரோட்டு நர்சரியில வாங்கினது. அம்மாட்ட நோட்டு வாங்கணும்னு பொய் சொன்னேன். பாரு, எத்தனை பொய்.

யாருக்கும் தெரியாது ஃபாயிஸா. டீச்சருக்கும் தெரியாது. போட்டோ இருக்கு. நீ மாநில மாநாட்டுக்குப் போயிட்டு வா. நான் சாகுற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன். உனக்காக இதாவது செய்யுதேன்.

ஜெஸி


தென்காசி
12 அக்டோபர்

ஜெஸி,

உன் கடிதம் லீவுக்கு முன்பே வந்துவிட்டது. புளியங்குடிக்கு எடுத்துக்கொண்டு போனேன், அங்கே வைத்து எழுத முடியவில்லை. உம்மா, "ஜெஸி எப்படி இருக்கா? போய்ப் பாத்துட்டு வருவோமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய்தான். உன்னைப் பற்றிப் பேச வந்தால் என் வாயிலும் அதுதான் வருகிறது.

பள்ளி திறந்த அன்றே உமாராணி டீச்சரிடம் சொல்லிவிட்டேன். முதலில் அவர்கள் நம்பவில்லை. பிறகு போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். "பூச்சி அரிச்சுட்டு, செத்துப்போச்சுன்னு எழுதினாப் போதும், மாநில மாநாட்டுல இருந்து கௌரவமா விலகிக்கலாம். இதெல்லாம் சொல்லணுமா?" என்று கேட்டார்கள். செத்துப்போன செடி என்றால் அதுவரை பூத்தது நிஜம் என்று ஆகிவிடுமே, டீச்சர், என்றேன். அந்த நடுவர் ஐயாவிடம் போனில் நானே பேசினேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். "சரிம்மா," என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாநில மாநாட்டுக்கு வேறு பள்ளிப் பிள்ளை போகிறாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஒருத்தி எழுந்து, "அப்போ நீ முதல்ல சொன்னதுதான் சரி, இல்லையா? மழையில பூக்காது?" என்று கேட்டாள். எனக்கு உதவி செய்யத்தான் கேட்டாள். நான், "தெரியாது," என்றேன். உண்மையிலேயே தெரியாது, ஜெஸி. ஒரு வருடச் சாரல் போய்விட்டது, அங்கே செடியே இல்லை. நீ எனக்குத் தப்பான பதிலை மட்டும் தரவில்லை. சரியாக இருந்திருக்கக்கூடிய பதிலையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய்.

செடி போனதற்கு எனக்குக் கோபம் இல்லை. அந்தக் குழந்தையின் கண் தப்பியதே என்றுதான் நினைக்கிறேன். உன் அப்பா மேலும் கோபம் இல்லை. "செடி போய்விட்டது, நான்தான் வாசலில் வைத்தேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஒரு நாள் அழுதிருப்பேன், மறுநாள் வேறு குச்சி வெட்டியிருப்பேன். யாருக்கும் தெரியாது, போய்விட்டு வா என்று எழுதினாயே, அந்த வரிதான் இன்னும் குத்துகிறது. எனக்குத் தெரியுமே. நான் யாரும் இல்லையா?

உன் பழைய கடிதங்களை மறுபடி எடுத்துப் படித்தேன். மேகமும் குங்குமமும் என்று நீ எழுதியது அவ்வளவு அழகாக இருக்கிறது. பார்த்ததை எழுதியபோது இவ்வளவு அழகாக நீ எழுதியதே இல்லை. குளிக்கிற செடி என்று சொன்ன குழந்தையையும் நீயே உண்டாக்கியிருப்பாய். நான் அந்தக் குழந்தையை நினைத்து எத்தனை தடவை சிரித்தேன் தெரியுமா?

என் செடிக்குத் தண்ணீர் நிறுத்திவிட்டேன். நீண்ட கிளைகளை வெட்டினேன், கையெல்லாம் கீறல். எப்போது பூக்கும் என்று இப்போது எதுவும் சொல்ல மாட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் நீ ஹாஸ்டல் கேட்டுக்கு வந்ததாக வாட்ச்வுமன் சொன்னார்கள். அவர்கள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். நான் மொட்டைமாடியில்தான் இருந்தேன். நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். ரொம்ப நேரம் நின்றாய். மழை பிடித்துக்கொண்டது, அப்போதும் போகவில்லை. ஜெயபிரியா, "இறங்கிப் போயேன்ட்டி, பாவம்லா," என்றாள். என்னால் முடியவில்லை. நீ வந்து என்ன சொன்னாலும் அதை நான் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கும். தோழி சொல்வதைச் சோதித்துப் பார்ப்பது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

கடைசியில் பஸ்ஸ்டாண்டு பக்கம் திரும்பி நடந்தாய். குடை இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாய். இரண்டு தடவை நின்று முகத்தைத் துடைத்தாய், அது மழையா அழுகையா என்று மேலிருந்து தெரியவில்லை, ஆகவே எழுத மாட்டேன். ஆனால் நீ நனைந்துகொண்டு போனாய். அது நிஜம். அதை நானே பார்த்தேன்.

ஃபாயிஸா